பப்மெட்: மருத்துவ ஆய்வுகளை முழுமையாகத் தேடுவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றவுடன் நம்மில் பலர் முதல் வாரத்திலேயே செய்யும் வேலை ஒன்று உண்டு. வீட்டில் யாருக்கு என்ன நோயோ அதன் பெயரை கூகுள் கட்டத்தில் டைப் செய்து பார்ப்பது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் அம்மாவுக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானம். யாரோ சொல்லி, குளுக்கோசமைன் மாத்திரை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்திருந்தார். மாதம் ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் செலவு. "ஏம்ப்பா, நீதான் கம்ப்யூட்டர்லேயே உட்கார்ந்திருக்கியே, இந்த மாத்திரையால நிஜமாவே பிரயோஜனம் இருக்கான்னு பாரேன்" என்று ஒரு நாள் கேட்டார்.

பார்த்தேன். முதல் பக்கம் முழுவதும் மாத்திரை விற்கும் கடைகள். அடுத்த பக்கத்தில், "மூன்றே வாரத்தில் மாடிப்படி ஏறினேன்" என்ற ரகத்தில் அனுபவக் கதைகள். அதற்கடுத்து, இது சுத்த மோசடி என்று ஒருவர். நான் பொறியியல் படித்தவன். சாப்ட்வேர் எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன். ஒரு மணி நேரத்தில் விடை சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தவன், இரவு பன்னிரண்டு மணிக்குக் குழப்பத்தோடு எழுந்தேன்.

பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா, பொது சுகாதாரத்தில் முதுகலை படிக்கிறார். ஒரு மருத்துவக் கேள்விக்கு உலகில் நடந்த ஆய்வுகள் அத்தனையையும் திரட்டி, சலித்து, மொத்தத்தில் என்ன தெரிகிறது என்று சொல்வதற்கு சிஸ்டமேடிக் ரிவியூ என்று பெயர். அப்படி ஒன்றை எழுதும் பயிற்சியில் அவர் அப்போது இருந்தார். போனில் என் கதையைக் கேட்டுவிட்டு, "டேய், நீ தேடவே இல்லை, மேய்ந்திருக்கிறாய்" என்றார். அதன் பின் சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடம் நான் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பாடம்.

ஒரு சிறு குறிப்பு. இந்தப் பக்கங்களில் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். நீங்கள் தேடும்போது அவற்றை ஆங்கிலத்தில் டைப் செய்திட வேண்டும். பப்மெட்டுக்குத் தமிழ் தெரியாது.

அரைகுறைத் தேடலின் விலை

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று நான் கேட்டபோது அக்கா சொன்ன சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2001-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா குறித்த ஆய்வு ஒன்று நடந்தது. நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்களை ஹெக்சாமெத்தோனியம் என்ற மருந்தை சுவாசிக்கச் செய்து, மூச்சுக் குழாய்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்ப்பது திட்டம். ஒரு காலத்தில் ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்பட்ட பழைய மருந்து அது. தாமாக முன்வந்தவர்களில் ஒருவர், அங்கேயே பரிசோதனைக் கூடத்தில் பணியாற்றிய 24 வயதுப் பெண். மே 4-ஆம் தேதி மருந்தை சுவாசித்தார். நுரையீரல் பழுதுபட்டு ஜூன் 2-ஆம் தேதி இறந்துபோனார்.

ஆய்வைத் தொடங்கும் முன் ஆய்வாளர் தேடாமல் இல்லை. பப்மெட்டில் தேடியிருக்கிறார். ஆனால் அன்றைய பப்மெட்டில் 1966-க்குப் பிந்தைய கட்டுரைகளைத்தான் தேட முடிந்தது. இந்த மருந்துக்கும் நுரையீரல் பாதிப்புக்கும் உள்ள தொடர்பைச் சொன்ன கட்டுரைகளோ 1950-களில் வந்தவை. அவை நூலக அலமாரியில், அச்சிட்ட அட்டவணைப் புத்தகங்களில் இருந்தன. அந்த ஜூலை மாதம் அமெரிக்க அரசு, தன் பணத்தில் அப்பல்கலைக்கழகத்தில் மனிதர்களை வைத்து நடந்துவந்த ஆய்வுகள் ஏறக்குறைய அனைத்தையும் சில நாட்கள் நிறுத்தி வைத்தது.

இன்று பப்மெட்டில் 1940-களின் பிற்பகுதியிலிருந்து வந்த கட்டுரைகளின் விவரங்களும் சேர்க்கப்பட்டுவிட்டன. ஆனால் அந்தப் பழைய பதிவுகளில் பெரும்பாலும் தலைப்பு மட்டும்தான் இருக்கும், சுருக்கம் இருக்காது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

பப்மெட் என்பது என்ன?

அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் இலவச தளம் இது. பிரவுசரின் முகவரிக் கட்டத்தில் பப்மெட் டாட் ஜி.ஓ.வி. என்று டைப் செய்து என்டர் தட்டினால் போதும். 1997-லிருந்து எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டிருக்கிறது. இன்று 3.5 கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரங்கள் இதில் உள்ளன. பலரும் நினைப்பது போல கட்டுரைகள் முழுவதும் இங்கே இல்லை. தலைப்பு, எழுதியவர்கள், இதழ், சுருக்கம் ஆகியவைதான். முழுக் கட்டுரை இலவசமாகக் கிடைத்தால் அதற்கான இணைப்பு வலப்பக்கத்தில் தெரியும்.

கூகுள் ஸ்காலரில் தேடக் கூடாதா? தேடலாம், கூடுதலாக. ஆனால் அது ஒரு தேடலுக்கு 1000 முடிவுகளுக்கு மேல் காட்டாது. இன்று தேடியதை இன்னொருவர் அடுத்த மாதம் அதே மாதிரி தேடினால் அதே பட்டியல் வரும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஏ.ஐ. சாட்பாட்டைக் கேட்கலாமே என்று என் அலுவலக நண்பர் ஒருவர் சொன்னார். கேட்டும் பார்த்தேன். ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு எல்லாம் போட்டு அழகாக ஐந்து கட்டுரைகள் தந்தது. பப்மெட்டில் சரிபார்த்தபோது அவற்றில் இரண்டு உலகத்திலேயே இல்லை. ஆகவே அது தரும் எந்தக் கட்டுரையையும் இங்கே வந்து பார்க்காமல் நம்பிவிடாதீர்கள்.

கேள்வியை நான்காக உடையுங்கள்

"இந்த மாத்திரை நல்லதா?" என்பது தேடுவதற்கு ஏற்ற கேள்வி இல்லை. யாருக்கு, எதைக் கொடுத்து, எதோடு ஒப்பிட்டு, என்ன பலனைப் பார்க்கிறோம் என்று அதை உடைக்க வேண்டும். மருத்துவ ஆய்வு உலகில் இந்த நான்கையும் ஆங்கில முதலெழுத்துகளால் பைக்கோ என்கிறார்கள். எங்கள் கேள்வி இப்படி ஆனது: முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு, குளுக்கோசமைன் கொடுத்தால், வெற்று மாத்திரை கொடுப்பதைவிட, வலி குறைகிறதா?

நான்கும் கிடைத்துவிட்டதே என்று நான்கையும் தேடல் கட்டத்தில் போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன். முதல் இரண்டும், கூடவே ஆய்வு எந்த வகை என்பதும் போதும் என்றார் அக்கா. ஏனென்றால், வலியை அளந்த ஆய்வாக இருந்தாலும் அதன் சுருக்கத்தில் வலி என்ற சொல் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நடக்கும் திறன் கூடியது என்று மட்டும் எழுதியிருப்பார்கள். நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு நிபந்தனையும் ஒரு வடிகட்டி. தவறான வடிகட்டியில் நல்ல கட்டுரையும் போய்விடும்.

ஒரே பொருள், பல பெயர்

மூட்டுத் தேய்மானத்துக்கு ஆங்கிலத்தில் ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் என்று பெயர். ஆனால் எல்லோரும் அப்படியே எழுதுவதில்லை. ஐரோப்பியர் சிலர் முழங்கால் தேய்மானத்தை கோனார்த்ரோசிஸ் என்பார்கள். பழைய கட்டுரைகளில் டிஜெனரேட்டிவ் ஜாயின்ட் டிசீஸ் என்று இருக்கும். மாத்திரையின் பெயரோடு வரும் சல்பேட் என்ற சொல்லை அமெரிக்கர் எஃப் போட்டும், பிரிட்டனில் சிலர் பி.எச். போட்டும் எழுதுவார்கள். ரேண்டமைஸ்டு என்பதில் எஸ், இஸட் தகராறு வேறு. கம்ப்யூட்டருக்கு இவையெல்லாம் வெவ்வேறு சொற்கள்தான்.

இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் தேசிய மருத்துவ நூலகம் 1960-லேயே ஒரு வேலை செய்தது. மெஷ் என்ற பெயரில் பொதுவான தலைப்புச் சொற்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தது. கட்டுரையாசிரியர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருந்தாலும், அந்தக் கட்டுரை எதைப் பற்றியதோ அதற்கான மெஷ் தலைப்பு அதன் மீது ஒட்டப்படும். பலசரக்குக் கடையில் டப்பா மேல் சீட்டு ஒட்டுவது போல. மாரடைப்புக்கு ஹார்ட் அட்டாக் என்று நாம் டைப் செய்தால், பப்மெட் அதன் மெஷ் தலைப்பான மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன் என்பதையும் தானே சேர்த்துத் தேடுகிறது. நாம் கேட்காமலே நடக்கும் உதவி இது. சுருக்கம் இல்லாத பழைய பதிவுகளைப் பிடிப்பதற்கும் இந்தச் சீட்டு பெரிய துணை.

மெஷ் தலைப்புகள் கிளை கிளையாக அடுக்கப்பட்டவை. ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் என்ற தலைப்பின் கீழ் இடுப்பு, முழங்கால், முதுகெலும்பு என்று உட்பிரிவுகள். மேல் தலைப்பைத் தேடினால் கீழே உள்ளவையும் தாமாகவே வந்துவிடும். விண்டோஸில் ஒரு போல்டரைத் தேர்ந்தெடுத்தால் அதற்குள் இருக்கும் போல்டர்களும் சேர்ந்து வருவது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் மெஷ் மட்டும் போதாதா? போதாது. முன்பு படித்த பணியாளர்கள் உட்கார்ந்து ஒட்டிய சீட்டுகளை 2022-லிருந்து கம்ப்யூட்டர் புரோகிராமே ஒட்டுகிறது. அது தவறுவதும் உண்டு. பப்மெட்டில் உள்ள எல்லாக் கட்டுரைகளுக்கும் சீட்டு கிடையாது. புத்தம் புதிதாக வந்தவற்றுக்கு இன்னும் ஒட்டப்படாமல் இருக்கலாம். எனவே, ஒவ்வொரு கருத்துக்கும் மெஷ் தலைப்பு ஒரு பக்கம், தலைப்பிலும் சுருக்கத்திலும் வரக்கூடிய சாதாரணச் சொற்கள் ஒரு பக்கம், இரண்டையும் சேர்த்துத் தேட வேண்டும்.

ஆன்ட், ஆர், நாட்: நான் மாட்டிக்கொண்ட இடம்

இந்த மூன்று சொற்களும் என் தொழிலில் தினமும் புழங்குபவை. அதனால்தான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

இரண்டு சொற்களும் இருக்க வேண்டும் என்றால் ஆன்ட். ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்றால் ஆர். ஒன்று இருக்கக் கூடாது என்றால் நாட். பப்மெட்டில் இவற்றைப் பெரிய எழுத்துகளில், அதாவது கேப்பிடல் லெட்டர்களில், டைப் செய்திட வேண்டும். இதுவரை எளிது.

நான் முழங்கால் ஆர் இடுப்பு ஆன்ட் குளுக்கோசமைன் என்ற பொருளில் ஒரு வரி எழுதினேன். சி, ஜாவா போன்ற கம்ப்யூட்டர் மொழிகளில் ஆன்ட் என்பதற்கு முதல் மரியாதை. ஆர் எங்கிருந்தாலும் ஆன்ட் முதலில் கணக்கிடப்படும். பப்மெட்டில் அந்த விதி கிடையாது. இடமிருந்து வலமாக, எழுதிய வரிசையிலேயே கணக்கிட்டுக்கொண்டு போகும். இந்த வரியில் அதனால் கேடு வரவில்லை. ஆனால் நான் அடுத்து எழுதிய குளுக்கோசமைன் ஆன்ட் முழங்கால் ஆர் இடுப்பு என்ற வரியில், மாத்திரையோடு சம்பந்தமே இல்லாத இடுப்பு எலும்புக் கட்டுரைகள் மலை மலையாக வந்து விழுந்தன. இதற்குத் தீர்வு அடைப்புக்குறிகள். ஆர் போட்டுச் சேர்க்கும் சொற்களை எப்போதும் ஒரு அடைப்புக்குறிக்குள் வைத்துவிடுங்கள். எந்த தளம் எந்த வரிசையில் கணக்கிட்டாலும் கவலையில்லை.

அடுத்த தவறு இதைவிட மோசம். இடுப்பு எலும்புக் கட்டுரைகள் தொல்லை தருகின்றனவே என்று கடைசியில் நாட் இடுப்பு என்று சேர்த்தேன். பட்டியல் சட்டென்று சுருங்கிவிட்டது. பெருமையோடு அக்காவுக்கு அனுப்பினேன். அவர் பார்த்துவிட்டு, "முழங்கால், இடுப்பு இரண்டையும் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் எங்கே?" என்று கேட்டார். போயே போய்விட்டன. "இந்த ஆய்வில் இடுப்பு வலி உள்ளவர்களைச் சேர்க்கவில்லை" என்று சுருக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்த கட்டுரைகூடப் போயிருக்கும். அதில் இடுப்பு என்ற சொல் இருக்கிறதே! நாட் என்பது காரணம் கேட்காமல் வெளியே தள்ளும் காவல்காரன்.

நாட் போட்டே ஆக வேண்டும் என்றால் எப்படி என்பதற்கு, ரிவியூ எழுதுபவர்கள் பயன்படுத்தும் ஒரு உத்தி இருக்கிறது. எலி, முயல் ஆய்வுகளை விலக்க வேண்டும். வெறுமனே நாட் அனிமல்ஸ் என்றால், மனிதர்களையும் விலங்குகளையும் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் போய்விடும். அதனால் நாட் (அனிமல்ஸ் நாட் ஹியூமன்ஸ்) என்று எழுதுகிறார்கள், இரண்டு சொற்களையும் மெஷ் தலைப்பாக வைத்து. மனிதர்கள் இல்லாமல் விலங்குகள் மட்டும் உள்ள கட்டுரைகளை நீக்கு என்று பொருள். நாட்டுக்குள் ஒரு நாட். இதைப் பார்த்ததும், மருத்துவ நூலகர்களைப் பற்றி அதுவரை நான் வைத்திருந்த அலட்சியம் ஓடிப்போனது.

நட்சத்திரமும் சதுர அடைப்புக்குறியும்

ஒரு சொல்லின் பல வடிவங்களையும் பிடிக்க, சொல்லின் முன்பகுதியை டைப் செய்து நட்சத்திரக் குறி (*) இடுங்கள். ரேண்டம் என்பதோடு நட்சத்திரம் இட்டால் ரேண்டமைஸ்டு, ரேண்டம்லி, ரேண்டமைசேஷன் எல்லாம் வரும். எஸ், இஸட் தகராறும் தீர்ந்தது. நட்சத்திரத்துக்கு முன் குறைந்தது நான்கு எழுத்துகள் இருக்க வேண்டும். ஆனால் பேராசை கூடாது. நான் ஏ.ஆர்.டி.எச்.ஆர். என்று ஐந்து எழுத்தோடு நிறுத்தி நட்சத்திரம் போட்டேன். மூட்டு வலியோடு ஆர்த்ரோபாட் என்ற பெயரில் பூச்சி, நண்டு, தேள் எல்லாம் ஊர்ந்து வந்தன.

சொல் எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சொல்வதற்குச் சதுர அடைப்புக்குறி. சொல்லை அடுத்து அதற்குள் டி.ஐ.ஏ.பி. என்று இட்டால் தலைப்பு அல்லது சுருக்கத்தில் தேடும். டி.ஐ. என்றால் தலைப்பில் மட்டும். எம்.எச். என்றால் மெஷ் தலைப்பு. பி.டி. என்றால் கட்டுரையின் வகை. கவனம்: சதுர அடைப்புக்குறி, நட்சத்திரம், மேற்கோள் குறி ஆகியவற்றைப் பயன்படுத்தினால், முன்னால் சொன்ன தானியங்கி உதவி அந்தச் சொல்லுக்கு நின்றுவிடும். பிறகு மாற்றுச் சொற்களைச் சேர்ப்பது உங்கள் பொறுப்பு.

2022-ன் இறுதியில் வந்த புதிய வசதி ஒன்றும் எனக்குப் பிடித்தது. இரண்டு சொற்களை மேற்கோள் குறிக்குள் இட்டு, சதுர அடைப்புக்குறிக்குள் டி.ஐ.ஏ.பி., முக்காற்புள்ளி (:), அலைக்குறி (~), ஓர் எண் என்று தொடர்ந்து டைப் செய்தால், அந்தச் சொற்கள் அத்தனை சொல் இடைவெளிக்குள் வரும் கட்டுரைகள் மட்டும் கிடைக்கும். வரிசை முன்பின் இருந்தாலும் பரவாயில்லை.

படிப்படியாகச் செய்து பார்ப்போம்

தேடல் கட்டத்தின் கீழே அட்வான்ஸ்டு என்று இருப்பதை கிளிக் செய்திடுங்கள். ஒரு பெரிய கட்டமும், அதற்குக் கீழே நீங்கள் இதுவரை தேடியவற்றின் பட்டியலும் தெரியும். இந்தப் பக்கம்தான் நம் பட்டறை.

முதலில் மாத்திரையை மட்டும் தேடுங்கள்: குளுக்கோசமைன், மெஷ் தலைப்பாக, ஆர், அதே சொல் தலைப்பிலும் சுருக்கத்திலும். மீண்டும் அட்வான்ஸ்டு பக்கத்துக்கு வந்தால், இந்தத் தேடல் 1 என்ற எண்ணோடு பட்டியலில் இருக்கும். இரண்டாவதாக நோய்: ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் மெஷ் தலைப்பு, ஆர் அந்தச் சொல், ஆர் கோனார்த்ரோசிஸ், ஆர் பழைய பெயர். மூன்றாவதாக ஆய்வு வகை: கட்டுரை வகையில் ரேண்டமைஸ்டு கன்ட்ரோல்டு டிரயல், ஆர் ரேண்டம் நட்சத்திரம், ஆர் பிளாசிபோ. சீட்டுக் குலுக்கிப் போட்டது போல நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்தும் மறு குழுவுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் இவை.

இப்போது #1 ஆன்ட் #2 ஆன்ட் #3 என்று டைப் செய்து தேடினால் மூன்றும் சேர்ந்த பட்டியல் கிடைத்திடும். தனித்தனியாகச் செய்வதில் ஒரு லாபம்: எங்கேயாவது எண்ணிக்கை பூஜ்யமாகவோ லட்சமாகவோ வந்தால், தவறு எந்த வரியில் என்று உடனே தெரிந்துவிடும். பட்டியலில் டீடெய்ல்ஸ் என்ற பகுதியில் உள்ள குறியைத் தட்டினால், நீங்கள் டைப் செய்ததை பப்மெட் எப்படிப் புரிந்துகொண்டது என்றும் காட்டும். எங்கள் தொழிலில் பிழை தேடுவதை டிபக் செய்வது என்போம். அதேதான்.

தேடல் சரியா என்று சோதிக்க அக்கா சொன்ன வழி இது. இந்தத் தலைப்பில் நிச்சயம் வர வேண்டிய நான்கைந்து கட்டுரைகளை வேறு வழியில் கண்டுபிடியுங்கள். ஒரு கட்டுரையைத் திறந்தால் அதன் பி.எம்.ஐ.டி. எண் தெரியும். அந்த எண்ணை உங்கள் தேடலோடு ஆன்ட் போட்டுப் பாருங்கள். வந்தால் சரி. வரவில்லை என்றால் அந்தக் கட்டுரையைத் திறந்து, அது என்ன சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறது என்று பார்த்து உங்கள் பட்டியலில் சேருங்கள்.

தேடிய வரிகள், தேதி, எத்தனை முடிவுகள் வந்தன என்பதை நோட்பேடில் ஒட்டி சேவ் செய்து வையுங்கள். ரிவியூ எழுதுபவர்களுக்கு இது கட்டாயம். மற்றவர் அதே தேடலைத் திரும்பச் செய்து பார்க்க முடிய வேண்டும்.

ரிவியூ எழுதும் வேலையெல்லாம் நமக்கு வேண்டாம், விடை மட்டும் போதும் என்பவர்களுக்குச் சுருக்கு வழி: இடப்பக்கம் உள்ள பில்டர்களில் சிஸ்டமேடிக் ரிவியூ என்பதை டிக் செய்திடுங்கள். அல்லது காக்ரேன் லைப்ரரி தளத்துக்குப் போங்கள். 1993-ல் தொடங்கிய காக்ரேன் அமைப்பின் ரிவியூக்களுக்கு எளிய ஆங்கிலச் சுருக்கம் இலவசமாகக் கிடைக்கும்.

அம்மாவின் மாத்திரை என்ன ஆயிற்று?

பட்டியலில் முக்கியமானது 2006-ல் நியூ இங்கிலாண்டு ஜர்னல் ஆப் மெடிசின் இதழில் வந்த கெய்ட் என்ற ஆய்வு. அமெரிக்க அரசுப் பணத்தில், முழங்கால் வலி உள்ள 1583 பேரிடம் 24 வாரங்கள் நடந்தது. குளுக்கோசமைன் சாப்பிட்டவர்களில் 64 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது. அடடா என்று நான் குதித்தபோது அக்கா அடுத்த எண்ணைக் காட்டினார். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 60.1 சதவீதம் பேருக்கும் குறைந்திருந்தது! இந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடிய அளவுதான். மூன்று வாரத்தில் மாடிப்படி ஏறியவர் பொய் சொல்லவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டிருந்தாலும் அவர் ஏறியிருக்கலாம்.

வலி அதிகமுள்ளவர்களை மட்டும் தனியே பார்த்தபோது, குளுக்கோசமைனோடு காண்ட்ராய்டினும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குக் கூடுதல் பலன் தெரிந்தது. விற்பனைத் தளங்கள் எடுத்துப் போடுவது இந்தச் சிறு பகுதியைத்தான். 2010-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 10 ஆய்வுகள், 3803 நோயாளிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ரிவியூ, நோயாளி உணரும்படியான பலன் இந்த மாத்திரைகளில் இல்லை என்றது. மருந்துத் தொழிலின் சார்பில்லாத ஆய்வுகளில் பலன் இன்னும் குறைவாகத் தெரிந்தது என்பதும் அதிலேயே இருந்தது. மறுபக்கம், குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் தயாரிப்பில் மட்டும் பலன் தெரிந்ததாகச் சொன்ன 2005-ஆம் ஆண்டு காக்ரேன் ரிவியூவும் பட்டியலில் இருந்தது. கூகுளில் நான் குழம்பியதற்குக் காரணம் இதுதான். ஒவ்வொருவரும் ஒரு துண்டை வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார்கள்.

அச்சில் வராமலே போகும் ஆய்வுகளையும் மறக்கக் கூடாது. மனச்சோர்வு மருந்துகள் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான 74 ஆய்வுகளை எடுத்து, அவை என்ன ஆயின என்று 2008-ல் பார்த்திருக்கிறார்கள். சாதகமான 38-ல் 37 அச்சில் வந்துவிட்டன. மீதமுள்ள 36-ல் 22 வரவே இல்லை. 11, சாதகம் போலத் தோன்றும்படி எழுதப்பட்டு வந்தன. உள்ளபடியே வந்தவை 3. இதனால்தான் ரிவியூ எழுதுபவர்கள் பப்மெட்டோடு நிற்காமல், கிளினிக்கல்டிரயல்ஸ் டாட் கவ், 2007-ல் தொடங்கிய நம் நாட்டின் சி.டி.ஆர்.ஐ. போன்ற பதிவேடுகளிலும் தேடுகிறார்கள்.

இவ்வளவையும் இரண்டு பக்கத்தில் பிரின்ட் எடுத்து, அம்மாவை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். நானாக மாத்திரையை நிறுத்தவில்லை, நீங்களும் நிறுத்தாதீர்கள். டாக்டர் பேப்பரைப் படித்துவிட்டு, விருப்பமில்லை என்றால் விட்டுவிடலாம் என்றார். பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பி, தொடைத் தசைக்கான பயிற்சிகள் சொல்லித்தரச் செய்தார். அம்மாவை உண்மையில் முடிவெடுக்க வைத்தது என் புள்ளிவிவரம் அல்ல. குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். சுத்த சைவமான அம்மா டப்பாவை அன்றே தூக்கிப் போட்டுவிட்டார்.

பயிற்சியைப் பற்றியும் தேடினேன். 2015-ல் வந்த காக்ரேன் ரிவியூ 54 ஆய்வுகளை வைத்து, வலி குறைகிறது என்று தெம்பாகச் சொன்னது. 2024-ல் அதையே புதுப்பித்து, நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளோடு வெளியிட்டபோது, பலன் உண்டு, ஆனால் அது நோயாளி உணரும் அளவுக்குப் பெரிதா என்பது உறுதியில்லை என்று குரலைத் தாழ்த்திக்கொண்டது. அதனால் தேடல் கட்டத்தின் கீழே உள்ள கிரியேட் அலர்ட் என்பதை கிளிக் செய்து வைத்திருக்கிறேன். கூகுள் கணக்கு வைத்தே உள்ளே நுழைந்துவிடலாம். நான் கட்டிய தேடலில் புதிய கட்டுரை ஏதாவது சிக்கினால் மாதம் ஒரு முறை மெயில் வருகிறது. மெயில் வந்த நாளில் அம்மா, மாலை நடைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டே, "என்னப்பா, நடக்கச் சொல்றாங்களா, வேண்டாங்கிறாங்களா?" என்று கேட்பார்.

"இன்னும் நடக்கத்தான் சொல்றாங்கம்மா."